பாதிப் புத்தகமும் முழு நாடகமும்

என் சித்தி புத்தகங்களை வெட்டுகிறவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் காகிதம் நறுக்கும் இயந்திரம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. தடித்த நாவல் ஏதாவது வீட்டுக்கு வந்தால், மறுநாளே அதைக் கடைக்குக் கொண்டுபோய் நடுவில் பிளந்து, இரண்டுக்கும் தனித்தனியாக அட்டை ஒட்டி எடுத்துவந்துவிடுவார். சித்தப்பாவுக்கு முதல் பாதி, சித்திக்கு இரண்டாம் பாதி. படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் ஒரே புத்தகத்துக்கு இருவரும் மல்லுக்கு நின்றபோது கண்டுபிடித்த வழியாம் இது. பின்னாலிருந்து படித்தால் கதை புரியுமா என்று ஒருமுறை கேட்டேன். "மனுஷங்களையும் நடுவுலேர்ந்துதானே பாக்க ஆரம்பிக்கறோம், புரியாமலா போச்சு" என்றார்.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. தன் பாதியில் என்ன நடந்தது என்று மற்றவரிடம் மூச்சு விடக் கூடாது. சித்தப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. என் அலுவலக லிஃப்டுக்கும் அவர்தான் வருவார். படிக்கட்டில் உட்கார்ந்து பாதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பவரிடம் கதையைக் கறக்க நான் தலைகீழாக நின்று பார்த்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்படிப்பட்டவர்தான் 'கண்ணாடி மதில்' நாவலின் முதல் பாதியைத் தொலைத்தார். பழைய புத்தகக் கடையில் கிடைத்த மாயாஜால நாவல். மறுபதிப்பே வரவில்லை. படித்து முடித்த கையோடு ஏதோ ஒரு கட்டடத்து மொட்டை மாடி லிஃப்ட் அறையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். எந்தக் கட்டடம் என்று அவருக்கே தெரியவில்லை. விடுமுறை நாளிலும் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று சித்தியிடம் கேட்டேன். அன்றைக்கு எனக்குக் காபி கிடைக்கவில்லை.

சித்திக்கு முதல் பாதி இல்லாதபோது தனக்கு இரண்டாம் பாதி எதற்கு என்று சித்தப்பா அதைத் தொடவே மறுத்துவிட்டார். ஆக, ஒரே கதையில் ஆளுக்குப் பாதி தெரிந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

வெட்டு விழுந்த இடம் அப்படி. கண்ணாடி மதில் சூழ்ந்த நகரத்துக்கு ஒரே கதவு. அதைக் காப்பவள் வாசல்காரி. மணல் புயலில் சிக்கிய அவளுடைய உயிர்த்தோழி, ஒரு தூதுக்காரி, வெளியே நின்று கதவைத் தட்டுகிறாள். சித்தப்பாவின் பாதி அங்கே முடிகிறது. சித்தியின் பாதியில் வாசல்காரி கண்ணாடி வழியாகத் தோழியைப் பார்க்கிறாள், தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், பிறகு கையை எடுத்துவிடுகிறாள். "கல்நெஞ்சக்காரி" என்று சித்தி திட்டாத நாள் இல்லை. "அவ அப்படிப்பட்டவ இல்ல" என்பதோடு சித்தப்பா நிறுத்திக்கொள்வார். மேற்கொண்டு பேசச் சட்டம் இடம் கொடுக்காது.

சித்தி யாரைத் திட்டுகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. ஊரில் இருந்த சொந்தமெல்லாம் வந்து பார்த்தது. கூடப் பிறந்த ஒரே அக்கா, அதாவது என் அம்மா, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று சித்தி கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை. நான் கேட்டால் அம்மா, "போக முடியல, விடு" என்று மிக்ஸியை ஓடவிடுவார். அந்தச் சத்தத்தில் மேலே என்ன கேட்பது? சித்திக்கு என்மேல் கோபமில்லை என்பதால் நான் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தேன். இரண்டு இடத்திலும் உப்புச்சப்பில்லாத விஷயங்களையே பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போயிருந்தது. அவர்கள் ஒருதரம் பேசிவிட மாட்டார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் 'கண்ணாடி மதில்' நாடகமாக வருகிறது என்று சுவரொட்டி பார்த்தேன். மூன்று டிக்கெட் வாங்கினேன். சித்திக்கு முதல் பாதி கிடைக்கும், சித்தப்பாவுக்கு இரண்டாம் பாதி கிடைக்கும், வாசல்காரி விஷயத்தில் யார் சொல்வது சரி என்று எனக்கும் தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த மூன்றாவதுதான் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. மதில் என்பது நான்கு பேர் பிடித்துக்கொண்டிருந்த பாலித்தீன் தாள். மணல் புயலுக்கு ஒரு பழுப்புத் துணி. இதற்கா காசு கொடுத்தோம் என்று நினைத்தேன். விளக்கு மாறியதும் அந்தத் தாள் மின்னியது பாருங்கள், அரங்கமே கப்சிப். மதில் எப்படியிருக்கும் என்று புத்தகத்தில் மூன்று பக்கம் வருமாம். மூன்று பக்கத்தையும் ஒரு தாள் சொல்லிவிட்டது என்று சித்தப்பா என் காதில் கிசுகிசுத்தார்.

ஆனால் வாசல்காரி வந்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. கறுப்பு அங்கி, வில்லாக வளைத்த புருவம், தொட்டதற்கெல்லாம் ஒரு சிரிப்பு. தோழி தட்டத் தட்ட, சிரித்தபடியே தாழ்ப்பாளை இறுக்கினாள். இடைவேளை விட்டார்கள்.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் சித்தி, டீயை உறிஞ்சிக்கொண்டே. சித்தப்பா டீயைத் தொடவில்லை.

இரண்டாம் பாதியில் சித்தியின் முறை. பாலைவனத்தில் ஒரு கையை இழந்து திரும்பி வரும் தூதுக்காரி, வாள் எடுத்து வாசல்காரியைத் தீர்த்துக்கட்டினாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சித்தி மட்டும் முகத்தைச் சுளித்தார். புத்தகத்தில் வாளே கிடையாதாம். வாசல்காரி உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தூதுக்காரி திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவாளாம். அதுதான் தண்டனை என்றார்.

பஸ் நிறுத்தத்தில் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அத்தனை வருஷத்துச் சட்டத்தை அங்கேதான் மீறினார்.

"அவளுக்கு ஒரு சாபம் இருக்கு. யாருக்குக் கதவைத் திறந்து விடறாளோ அவங்க முகம் அவளுக்கு மறந்து போயிடும். பெத்த அம்மாவுக்கே திறந்து விட்டுட்டு, அப்புறம் அது யாருன்னே தெரியாம முழிப்பா. அவளுக்கு மிச்சம் இருந்தது இந்தத் தோழி முகம் ஒண்ணுதான். நாடகக்காரன் அந்த இடத்தையே தூக்கிட்டான்."

நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை.

"என் பாதியில அந்தத் தோழி ஒரு தடவைகூட கேக்கல" என்றார் சித்தி கடைசியில். "கையை எடுத்தியே, ஏன்னு கேக்கவே இல்ல. நேரா போயிட்டா."

பிறகு என் கைப்பேசியை வாங்கி, அம்மாவின் எண்ணை என்னையே போட்டுத் தரச் சொன்னார். நான்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அம்மா ஏதோ பேசத் தொடங்கியிருக்க வேண்டும். சித்தி குறுக்கிட்டார்.

"நான்தான்க்கா. அன்னைக்கு ஏன் நீ வரல? இத்தனை நாளா நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன்."

எனக்குக் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான். சித்தி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த லிஃப்ட்?" என்றார். "அம்மாவை ஏத்திட்டுப் போனாங்களே, அதேவா?" என்றார். பிறகு, "ஃப்ளாஸ்க்ல பாலா?" என்றார்.

மீதியைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர்கள் இருவரின் அம்மாவான என் பாட்டியை ஆபரேஷனுக்கு மேலே கொண்டுபோனதும் அதே ஆஸ்பத்திரி லிஃப்டில்தான். அதில் ஏறிய பாட்டி உயிரோடு இறங்கவில்லை. அம்மா அன்றைக்குச் சித்தியைப் பார்க்க ஃப்ளாஸ்கில் சூடாகப் பால் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். லிஃப்ட் கதவு திறந்தது, மூடியது. உள்ளே கால் வைக்க முடியவில்லை. படியேறிப் போகவும் தைரியம் வரவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பாலை அப்படியே திருப்பி எடுத்துவந்துவிட்டார். இதை எந்த முகத்தோடு தங்கையிடம் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டாராம்.

சித்தப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றார். அடுத்த பஸ்ஸையும் கையசைத்துப் போகச் சொன்னார். சித்தி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மேல படுத்துக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டிருந்தேன்க்கா" என்றார். "நீ கீழதான் இருந்திருக்கே."