உப்புத்தோல் ஏற்றிய பிக்கப்

பல வருடம் தோல் பதனிடும் ஆலைக்கு உப்புத்தோல் ஏற்றிய பழைய பிக்கப்பை வாங்கி, நான்கு மாதமாக வீட்டு வாசலிலேயே சரிசெய்தேன். இன்ஜினைப் பிரித்துக் கட்டினேன். உப்பு அரித்த தகட்டை வெட்டிவிட்டுப் புதிது பற்றவைத்தேன். பக்கப் பலகை மட்டும் நல்ல தேக்கு என்று விட்டுவைத்தேன்.

இன்று வாலாஜாவில் மச்சினி மகள் கல்யாணம். மனைவி வண்டியைச் சுற்றிவந்து முகர்ந்தாள்.

"நாத்தம் இல்ல. வர்றேன்."

பட்டுப்புடவையோடு ஏறினாள்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கு நிறுத்தினேன். ஆறு தெருநாய்கள் எழுந்து வந்து, பலகையை நக்கிக்கொண்டு வாலாட்டின.

டீக்கடை பாய் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், தோல் வண்டியா?"

மனைவி இறங்கி பஸ் ஏறிவிட்டாள்.

அந்த பஸ்ஸை வேலூருக்கு முன்பே முந்திவிட்டேன். இன்ஜின் அப்படி.

தேக்கிலிருந்து வாடை போக வழி தெரிந்தவர்கள், மனைவி மண்டபத்துக்கு வருவதற்குள் சொல்லுங்கள்.