வட கொரிய அட்டை போட்ட கணக்கு நோட்டு

நான் போட்ட ஒரு தபாலால் அப்பாவுக்கு வேலை போகும், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வார்கள், அதற்கப்புறம் நாட்டுக்கும் நாட்டுக்கும் சண்டை மூளும் என்று பன்னிரண்டு வயதில் ஒரு வாரம் முழுக்க மனதார நம்பியவன் நான். இன்றைக்கும் வழவழப்புத் தாளின் மை வாசனை மூக்கில் ஏறினால் அந்த வாரம் எனக்குள் ஒருமுறை புரண்டு படுக்கிறது.

மலை ஊரான அருவங்காட்டில், வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில் எங்கள் வீடு. பனி இறங்கிவிட்டால் எதிர்வீடு தெரியாது. ஆனால் அப்பாவின் ரேடியோவில் சிற்றலைக் குமிழைத் திருகினால் வட கொரியா பேசும். யாரும் சுலபமாக உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாத அந்த நாட்டுக்கு, "உங்கள் ஒலிபரப்பு தெளிவாகக் கேட்கிறது, என் அப்பா வெடிமருந்து செய்கிறார்" என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இரண்டாவது வரி வெறும் பெருமைக்கு.

பதிலுக்கு ஒரு கட்டு புத்தகங்கள் வந்தன. அவர்களின் தலைவர் இறந்துபோன வருஷத்துப் படங்கள். ஒரு மைதானத்தில் ஆயிரமாயிரம் பேர் வண்ண அட்டைகளைத் தூக்கிப் பிடித்து ஒரே சூரியனாக மாறியிருந்தார்கள்; பக்கத்தைப் புரட்டினால் வண்டியே இல்லாத அகலமான சாலை; இன்னொரு பக்கத்தில், சிலையின் காலடியில் ஒரு தேசமே நின்று அழுதுகொண்டிருந்தது. எங்கள் ரேஷன் கடையில் நாற்பது பேர் வரிசையில் நிற்பதற்குள் இரண்டு சண்டை வந்துவிடும். இத்தனை பேர் எப்படி ஒரே நொடியில் சூரியனானார்கள், எப்படி ஒன்றாக அழுதார்கள் என்று திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன்.

அம்மா தாளைத்தான் பார்த்தாள். "எத்தன கெட்டி! நோட்டுக்கு அட்டை போட்டா வருசம் பூரா கிழியாது, கண்ணு."

போட்டேன். வகுப்பே பொறாமைப்பட்டதால் வள்ளலாகி, கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பக்கம் கொடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, "ஏன்டா, உனக்கு வெளிநாட்டுல இருந்து புஸ்தகம் வருதான்னு ராயப்பன் கேட்டாரு. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றாராம்" என்றார். ராயப்பன் தொழிற்சாலை கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்காரர். மறந்துபோய்ச் சட்டைப்பையில் வைத்த தீப்பெட்டிக்காக அப்பாவை ஒருமுறை அரைமணி நேரம் நிற்கவைத்தவர். எனக்கு அந்த இரண்டாவது வரி ஞாபகம் வந்தது.

மறுநாளிலிருந்து வகுப்பில் கெஞ்சிக் கூத்தாடி அட்டைகளை உருவினேன். பின்பெஞ்சு ஸ்டெல்லா மட்டும் சூரியனைத் தரவில்லை. "குடுத்ததத் திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்ல?" மற்றதையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். கெட்டித்தாள் லேசில் பற்றவில்லை. ஓரம் கருகியும் தலைவர் சிரித்துக்கொண்டே இருந்தார். "நல்ல அட்டையப் போய் எதுக்குடா எரிக்கற?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நாடு கடத்தினால் ஸ்வெட்டர் எடுத்துப்போக விடுவார்களா என்பது அப்போதைய என் கவலை.

ஞாயிறு காலை ராயப்பன் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, "அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரேடியோ இன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. சிற்றலையைத் திருகினால் வெறும் இரைச்சல்தான். என் பிள்ளைகளின் நோட்டுகளுக்குக் கடையிலேயே பிளாஸ்டிக் உறை கிடைக்கிறது. அந்த நாடு மட்டும் இன்னமும் பூட்டித்தான் இருக்கிறது. அதன் ஒரு வருஷம் என் கைக்கு வந்தது. அதை எரித்துக் குளிக்க வெந்நீர் போட்டுத் தீர்த்தேன்.

அந்த ஞாயிறு ராயப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க, எம்புள்ள ஸ்டெல்லாவோட கணக்கு நோட்டுல பையன் குடுத்த சூரியன் படம் பாத்தனுங்க. சயின்ஸ் நோட்டுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்னு ஒரே அழுகைங்க."

கொடுக்க ஒரு தாள்கூட இல்லை. ஸ்டெல்லா அந்த வருஷம் சயின்ஸ் நோட்டுக்குப் பழைய செய்தித்தாளைத்தான் போட்டாள்.