புதன்கிழமை மாத்திரை

சபையாரே, உங்கள் முன்னால் உயிரோடு நிற்கிறேனே, இதுவே கர்த்தர் செய்த நன்மை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர் இதே வியாதியில்தான் போனார். கழுகுமலைக்குப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைத்து மகளைப் படிக்க வைக்கிறேன்.

2006-ல் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் இலவச மருந்து வாங்க ஆரம்பித்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மாதா மாதம் மிச்ச மாத்திரையைக் கொண்டுபோனால், விடாமல் போட்டேனா என்று நர்ஸ் சிஸ்டர் மேஜையில் கொட்டி எண்ணுவார். நாலு மாதத்தில் உடம்பு தேறியது. அந்த நன்றிக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பதாகப் பொருத்தனை செய்தேன். சாயங்காலம் வரை பல்லில் தண்ணீர் படாது. மாத்திரையை எப்படி விழுங்குவது? கர்த்தர் தந்ததைத் தூர எறியவும் மனசு வரவில்லை. காலை மாத்திரையை எடுத்து ஒரு தீப்பெட்டியில் போட்டு, துணிக்கு அடியில் வைத்தேன். விழுங்கினதாகவே கணக்கானதால் சிஸ்டரின் எண்ணிக்கை ஒருநாளும் பிசகவில்லை.

மறுபடி எடை இறங்கியது. வாயெல்லாம் புண். நான் என்ன செய்தேன்? புதன்கிழமையையும் உபவாசத்தில் சேர்த்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

ரத்தம் பார்த்த டாக்டர், "இந்த மருந்து கேக்காமப் போச்சுன்னா, அடுத்த மருந்து இங்க கிடையாதும்மா" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மகள் அப்போது எட்டாவது. அவளை யாரிடம் விடுவேன்? "ஆண்டவரே, தப்பு எங்கே இருக்குன்னு காட்டும்" என்று அங்கேயே ஜெபித்தேன்.

சிஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு வியாழக்கிழமை. மாத்திரையை எண்ணாமல், "அக்கா, நேத்து காலையில என்ன சாப்பிட்டீய?" என்று கேட்டார்.

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். "நேத்து புதன்லா சிஸ்டர். உபவாசம். தண்ணிகூடப் பல்லுல படல."

"அப்ப மாத்திரை?"

தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. "மூணு மாசம் ஒண்ணுகூட விடாமப் போடுங்க. மறுபடி ரத்தம் பாப்போம்" என்றார்.

பொருத்தனையை மீறப் பயமாக இருந்தது. மருந்தைத் தந்தவரும் நீர்தானே என்று ஆண்டவரிடமே வழக்காடினேன். அந்த வெள்ளிக்கிழமை ரெண்டு இட்லி தின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜெபத்துக்கு வந்தேன்.

பக்கத்திலிருந்த அக்கா மோப்பம் பிடித்துவிட்டார். "ஏட்டி, சாம்பார் வாசம் அடிக்குதே."

"ஆமாக்கா. சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அடுத்த மாதம் அந்தத் தீப்பெட்டியைச் சிஸ்டர் மேஜையில் வைத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்தே எண்ணினோம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் எண்ணி முடித்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருந்தது. அதே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன். மகள் இந்த வருஷம் பத்தாவது எழுதுகிறாள்.

உங்களில் யாராவது என்னைப் போல ஒளித்து வைத்திருந்தால், ஆண்டவரை நம்பி அதை எடுத்துக் காட்டிவிடுங்கள். அவர் கைவிடமாட்டார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் சாப்பிட்டுவிட்டுத்தான் ஜெபத்துக்கு வருவேன்.