அன்னத்துக்கு மூக்கு வைக்க ஒரு சர்வர்

பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவளுக்கு டிசைன் போடுவது மட்டும்தான் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரின்டர் மக்கர் பண்ணினாலும், முதலாளியின் போனில் சத்தம் வராவிட்டாலும் கூப்பிடுவது என்னைத்தான். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்ற ஒரே வரியில் என்னைப் போல மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, நான் ஃபைல் சர்வர் வைத்த வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

மூக்கில்லாத அன்னம்

மகளுக்குக் கல்யாணச் சேலை வேண்டுமென்று பேங்க் வேலையில் இருக்கும் ஓர் அம்மா வந்தார். இந்த டிசைன் வேறு யாருக்கும் போகக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. முதலாளி சாமி படத்தைப் பார்த்து வாக்குக் கொடுத்தார். நான் திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போய், கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, கழுத்து வலியோடு பார்டருக்கு ஓர் அன்ன வரிசை வரைந்தேன். எங்கள் தொழிலில் திரையில் ஒரு புள்ளி என்றால் தறியில் ஓர் இழை. ஒரு புள்ளி நகர்ந்தாலும் சேலை காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த டிசைனை, டிசைனைத் துளை துளையாக ஜக்கார்டு தறிக்கு அட்டையில் குத்தும் எத்திராஜ் அண்ணனுக்கு முதலாளி தன் போனிலிருந்து போட்டோவாக அனுப்பித் தொலைத்தார். போன் அதை இஷ்டத்துக்கு நசுக்கிவிட்டது. அந்த அட்டையை ஏற்றி ஒரு சாண் நெய்த பிறகு பிள்ளையார்பாளையத்து நெசவாளி என்னைக் கூப்பிட்டார். நசுக்கியது போன், அனுப்பியது முதலாளி, திட்டு மட்டும் எனக்கு. "அன்னம்னு சொன்னாங்க, மூக்கையே காணோமே, இன்னாமா வரைஞ்சிக்கினு இருக்க நீ?"

வாசலைத் தாண்டாத சர்வர்

ஃபைல் உள்ளது உள்ளபடி போய்ச் சேர ஒரு சர்வர் வை, ஆனால் ஓசியில் வை என்றார் முதலாளி. தேடினேன். எல்லா சாஃப்ட்வேரும் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. முதல் திரையிலேயே போர்ட் எண் கேட்கிறது. எந்தப் புதியவர்? போர்ட் எண்ணோடு பிறந்தவரா? ஒரு வகை பாஸ்வேர்டைக்கூட மறைக்காமல் அப்படியே அனுப்புமாம். இன்னொரு வகை எல்லாவற்றையும் பூட்டி அனுப்புமாம். பூட்டுகிற வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆபீசுக்குள் ஜோராக ஓடியது. எத்திராஜ் அண்ணன் பட்டறையிலிருந்து தொட்டால் பேச்சு மூச்சில்லை. ஃபயர்வாலைத் திறந்துவிட்டேன். ரூட்டரில் வழி விட்டேன். பாதி நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, எங்கள் நெட் இணைப்புக்கென்று தனி முகவரியே கிடையாது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவர் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்? தனி முகவரி கேட்டு நெட்காரரை வரவழைத்தேன். அவர் என் போனை வாங்கி ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வீடியோ ஓடுதில்ல மேடம்? அப்ப நெட்டு நல்லாத்தான் இருக்குது."

எடுத்தாச்சு, துடைத்தாச்சு

சண்டை போட்டுத் தனி முகவரி வாங்கி, சர்வரை ஓடவிட்டு, அன்னத்தை மூக்கோடு ஏற்றினேன். எத்திராஜ் அண்ணன் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். மறுநாள் பார்த்தால் சர்வரில் ஃபைலைக் காணோம். எடுக்கிற உரிமையோடு அழிக்கிற உரிமையும் சர்வரின் செட்டிங் திரையில் தானாகவே டிக் போட்டு வந்திருக்கிறது. அதை எவன் அப்படி வைத்தானோ தெரியவில்லை, கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன்.

டிசைனைத் தாளில் போட்ட காலத்தில், அட்டை குத்துகிறவர் தாளைக் கையோடு எடுத்துப் போய்விடுவார். மேஜையில் கிடந்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்து நெய்துவிடுவான். அண்ணனும் அதே வழக்கப்படி, எடுத்த ஃபைலை அங்கிருந்து அழித்துவிட்டார். நல்லவேளை, என்னிடம் இன்னொரு பிரதி இருந்தது. ஏன் அண்ணா இப்படி என்று கத்தினேன். அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "டிசைன நடு ரோட்ல போட்டு வைப்பாங்களாமா? அதான் எடுத்துக்கினு தொடச்சிட்டேன்!"

எல்லாருக்கும் ஒரே பெயர்

அழிக்கிற உரிமையைப் பிடுங்கி, ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று மாற்றினேன். "நம்ம ஆளுங்களுக்குள்ள இன்னாமா பூட்டு?" என்று முதலாளி எல்லாருக்கும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வைக்கச் சொன்னார். வேண்டாமென்று மன்றாடினேன். அவரோ அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, சேலை வாங்க வருகிறவர்கள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே ஒட்டினார்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே பேங்க் அம்மா போனில் ஒரு போட்டோவோடு வந்தார். வேறொரு கடையின் கண்ணாடி அலமாரியில் என் அன்னங்கள், பச்சைச் சேலையில், மூக்கோடு. யார் எடுத்தது என்று சர்வரில் தேடினேன். வந்துபோன அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தானே, எவரைப் பிடிப்பது? முதலாளி பதறவே இல்லை. "நம்ம ஆளுங்க அப்பிடிப் பண்ண மாட்டாங்கமா, சர்வர்தான் குடுத்திருக்கும்" என்றார். அந்த அம்மா அவரை ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பச்சைச் சேலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உண்மைய சொல்லும்மா, நீ அந்தக் கடையில பாத்துதான வரைஞ்ச?"

என் டிசைனை நானே திருடினேன் என்று பேர் வாங்குவதற்கு, பாருங்கள், இவ்வளவு படித்து ஒரு சர்வர் வைக்க வேண்டியிருந்தது.