அந்தப் பேரில் ஓடியவன்

அமெரிக்கன் ஃபுட்பாலை நான் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. யாங்கோனில் எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பேர்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். இதற்கு எதற்கு அந்தப் பேர் என்று தம்பியிடம் கேட்டேன். உனக்குச் சொன்னாலும் புரியாது என்றான். அவனும் அதைப் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

அவன் ஆடியது அதைவிடப் பெரிய பொய். இணையத்தில் ஒரு லீக். ஒவ்வொருவரும் ஓர் ஆட்டக்காரனைக் கற்பனையில் உண்டாக்கி, பேரும் ஊரும் வைத்து, ஓர் அணியில் சேர்த்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை உள்ளே போய், அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் எழுதினால் பாயிண்ட் கிடைக்கும். அதைப் போட்டு அவனுடைய வேகத்தையும் பலத்தையும் ஏற்றலாம். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிவிடும். இரண்டு மாதத்தில் ஒரு சீசன் முடிந்து அவனுக்கு ஒரு வயது கூடும். வேலைவெட்டி இல்லாதவர்கள் கண்டுபிடித்தது என்று நான் திட்டுவேன். கைப்பேசி பழுது பார்க்கிற கடையிலிருந்து களைத்து வந்து, சாப்பிடும்போதும் தம்பி அதைத்தான் நோண்டிக்கொண்டிருப்பான்.

எங்களைப் போன்ற வீடுகளில் ஆளுக்கு இரண்டு பேர் உண்டு. அடையாள அட்டையிலும் பள்ளிக்கூடத்திலும் வார்டு ஆபீஸிலும் பர்மியப் பேர். வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பேர். தம்பியின் தமிழ்ப் பேரை அம்மாவையும் என்னையும் குருக்களையும் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. வெளியில் சொல்லக்கூட அவனுக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் தன் ஆட்டக்காரனுக்கு அந்தப் பேரைத்தான் வைத்திருந்தான். பிறந்த ஊர் யாங்கோன் என்று போட்டிருந்தான். நல்ல கற்பனைப் பேர் என்று அமெரிக்காக்காரர்கள் மெச்சினார்களாம். இங்கே அதை நான் எழுதப் போவதில்லை.

வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பையன்கள் காணாமல் போனார்கள். தம்பியும் ஒரு காலையில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். தாய்லாந்துப் பக்கம் போய்விட்டால் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அம்மா பேசுகிற தமிழ் அவனுக்கு முழுதாகப் புரியும், பதில் சொல்லத்தான் வராது. அதனால் அம்மாவிடம் தலையை மட்டும் ஆட்டினான். என்னிடம் பர்மியத்தில் பேசி, லீக்குக்குள் நுழைகிற ரகசியச் சொல்லைக் கொடுத்தான். வாரா வாரம் உள்ளே போய்ப் பதில் எழுது, நாலு வாரம் எழுதாவிட்டால் ஆளைத் தூக்கிவிடுவார்கள், போய்ச் சேர்ந்ததும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். ஊரே பற்றி எரிகிறபோது இவனுக்கு இந்தக் கவலை. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எல்லை ஊரிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டான். நாளைக்கு ஆற்றைக் கடந்துவிடுவோம் என்றான். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை.

விசாரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் விசாரித்தோம். கேட்கக்கூடாத இடத்திலும் கேட்டோம். கடைசியில் என் கையில் மிஞ்சியது அந்த லீக் ஒன்றுதான். போய்ச் சேர்ந்ததும் அவனே எழுதுவதாகத்தானே சொன்னான்? ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக அதைத் திறப்பேன். எனக்கு முன்னால் யாராவது பதில் எழுதியிருந்தால் அவன் பிழைத்திருக்கிறான் என்று அர்த்தம். பதில் எழுதுகிற பெட்டி எப்போதும் காலியாகவே இருக்கும். நானே எழுதிவிட்டு மூடுவேன்.

எரிச்சலில் அந்தப் பெட்டியிலேயே அவனைத் திட்ட ஆரம்பித்தேன். என்றைக்காவது திறந்து பார்ப்பான் அல்லவா? ஓய்வு நாட்களில் உங்கள் ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தார்கள். பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் திரிகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த வாரத்தின் சிறந்த பதில் என்று அதற்குக் கூடுதல் பாயிண்ட் கொடுத்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆட்டம் அங்கே ராத்திரி, இங்கே காலை. அமெரிக்காவில் ஓர் ஆள் அதைப் பார்த்துப் பார்த்து வாயால் வர்ணிப்பான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே காது கொடுப்பாள். ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தம்பியின் பேரைக் கடித்துத் துப்பும்போது கை நின்றுவிடும். "கூப்பிடுறான் பாரு" என்பாள். உலகத்தில் வேறு யாரும் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அதனால் நானும் ஒலியைக் கூட்டி வைப்பேன்.

ஒரு சீசனில் ஆட்டக்காரனுக்கு முட்டி பிசகியதால் அவனை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். வாய் சும்மா இருக்காமல் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் கோயிலுக்குப் போய், தம்பியின் பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்து, தேங்காய் மூடியோடு வந்தாள்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறவன் காலுக்கா அர்ச்சனை?" என்று கத்தினேன்.

"அந்தப் பேருக்குத்தானே பண்ணேன். அது எந்தக் காலுக்குப் போய்ச் சேர்ந்தா என்னடி?" என்றாள்.

தேங்காய் மூடியை வாங்கித் துருவ உட்கார்ந்தேன்.

முட்டி சரியாகித் திரும்ப ஓடினான். ஒரு சீசன் முழுக்க நன்றாகவே ஓடினான். ஆனால் தம்பி இல்லாமலேயே அவனுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இருபத்து நாலில் போனவன் என் மனதில் இன்னும் இருபத்து நாலுதான். இங்கே இவன் முப்பதைத் தாண்டிவிட்டான். எவ்வளவு பாயிண்ட் போட்டாலும் வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. கையிலிருந்த பந்தைத் தவறவிட்டான். இளசு ஒன்றை முன்னால் ஓடவிட்டு இவனை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். வர்ணிக்கிறவன் பேரைச் சொல்வதும் குறைந்துபோனது. அம்மா தினமும், "இன்னிக்கு ஓடலையா?" என்று கேட்பாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

பிறகு அணியின் மேலாளர் எழுதினார். முகம் தெரியாத மனிதர், மரியாதையாகவே எழுதுவார். வயது வரம்பு வந்துவிட்டது, இந்த சீசனோடு உங்கள் ஆட்டக்காரர் ஓய்வு பெற வேண்டும் என்றார். இன்னும் ஒரு சீசன் விடக்கூடாதா என்று கெஞ்சினேன். காரணத்தைச் சொல்ல மனம் வரவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. ஆனால் புதிதாக ஓர் இளம் ஆட்டக்காரரை உண்டாக்குங்கள், உங்களுக்கு அணியில் இடம் வைத்திருக்கிறேன், பழைய பேரையே வைத்து இரண்டாமவர் என்று போடலாம், இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார்.

நல்லதாகப் போயிற்று என்று அம்மாவிடம் சொன்னேன். கணக்கு அதேதான், ரகசியச் சொல்லும் அதேதான், தம்பி எப்போது வந்தாலும் உள்ளே நுழையலாம், பேரும் போகாது. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"உசுரோட இருக்கிறவன் பேரை எடுத்து இன்னொருத்தனுக்கு வைப்பாங்களா? நம்ம வீட்ல என்னிக்காவது அப்படிப் பண்ணிருக்கமா?"

எங்கள் குடும்பத்தில் அது முறையில்லைதான். போய்ச் சேர்ந்தவர்களின் பேரைத்தான் பிறந்த பிள்ளைக்கு வைப்பார்கள். எனக்கே தாத்தாவின் அம்மா பேர். இருக்கிறவர் பேரை வைத்தால் அவரை அனுப்பிவிட்டதாக அர்த்தம். இது பிள்ளையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று வாதாடினேன். அம்மா அசையவில்லை. சரி, வேறு ஏதாவது பேர் யோசிப்போம் என்று தள்ளிப்போட்டேன். மனதுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா இவ்வளவு உறுதியாக இருக்கும்போது அவன் எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது.

சீசன் முடிந்தது. ஓய்வு பெற்றவனுக்கு எல்லோரும் நாலு நல்ல வார்த்தை எழுதினார்கள். புதியவனைப் பதிவு செய்யக் கடைசி நாளும் வந்தது. அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றினாள். தம்பி பேருக்கு அர்ச்சனை செய்து கொண்டுவருகிற தட்டு அன்றைக்குக் கையில் இல்லை. நான் கைப்பேசியோடு உட்கார்ந்து, செத்துப்போன பெரியப்பாவின் பேரை வைக்கலாமா என்று கேட்டேன்.

"அவன் பேரையே வெச்சிடு" என்றாள்.

"யார் பேரை?"

"தம்பி பேரைத்தான்."

"வைக்கக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

"சொன்னேன். இப்ப வைன்னும் நான்தான் சொல்றேன்."

நான் கத்தினேன். ஆற்றைக் கடந்து எங்காவது கப்பலில், ஏதாவது காட்டில், கைப்பேசி இல்லாமல் இருக்கலாம் என்றேன். இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல் நகரவில்லை என்றதும், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அந்தப் பேரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். நான் அதை ஆங்கிலத்தில் அடித்தேன்.

"உள்ள போயிடுச்சா?" என்று கேட்டாள்.

போய்விட்டது என்றேன்.