யானைக் கதைக்குள் வந்த பன்றி

என் குரல் நல்ல குரல் என்று முதலில் சொன்னவன் நான்தான். சைகோனில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்கத் தையல் விட்ட செருப்புகளோடு பேசுகிறவனுக்கு மனிதர்களோடு பேச ஒரு மைக் தேவைப்பட்டது. வெளிநாட்டவர் அதிகம் வசிக்கும் பூ மி ஹங் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் விழாக்களில் மைக்கை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் நானே போய் வாங்கிக்கொள்வேன்.

அப்படி ஒரு பொங்கல் விழாவில்தான் அந்த ஐரோப்பியர் என்னைப் பிடித்தார். குழந்தைகளுக்கான ஒலிப்புத்தகங்கள் தயாரிப்பவர். நாட்டுக்கு ஒரு கதை, அந்தந்த மண்ணின் அசல் குரலில். உலகக் குழந்தைகள் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு உலகத்தைப் புரிந்துகொள்வார்கள் என்றார். பல வருஷங்களாக இந்த ஊரில் இருக்கிறார். வியட்நாமிய மொழியில் அவருக்கு நன்றி சொல்லவும் பீர் கேட்கவும் தெரியும். அதற்கு மேல் உலகத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

"உங்கள் குரலில் ஆயிரம் வருஷம் கேட்கிறது" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"உங்க குரலக் கேக்கறதுக்கு ஜனங்க காசு குடுப்பாங்களா?" என்றாள். "கேக்காம இருக்கறதுக்கு நான் எவ்வளவு வேணா குடுப்பேன்."

டிஸ்ட்ரிக்ட் 1-இல், பழைய கட்டடம் ஒன்றின் மேல் மாடியில் ஒரு படுக்கையறை. அதுதான் ஸ்டூடியோ. சுவரில் மெத்தைகளை ஆணியடித்திருந்தார்கள். ஒலிப்பதிவு செய்தவள் இளம் வியட்நாமியப் பெண். ஆங்கிலத்தை அமெரிக்கர் மாதிரி பேசுவாள். மழை பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் வேலை நின்றுவிடும். அப்போது அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூரியகாந்தி விதை கொறிப்பாள்.

கதையை வேறு ஏதோ தேசத்தில் யாரோ எழுதி அனுப்பியிருந்தார்கள். தமிழ்நாடு என்று ஒரு காடு. அதில் ஒரு சிறுமி, ஒரு யானை. யானை ஒரு நாள் அழுகிறது. ஏன் அழுகிறது என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. மஞ்சள் தூளோடு ஒரு முனிவர் வருகிறார். யானையின் கண்ணீர் ஆறாகிறது. ஆற்றில் தாமரை பூக்கிறது. எல்லோரும் மாம்பழம் சாப்பிடுகிறார்கள்.

நான் படிக்க ஆரம்பித்ததும் தயாரிப்பாளர் கையை உயர்த்தினார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் ஆங்கிலம் கொஞ்சம் அதிகச் சுத்தம். இன்னும் கொஞ்சம் இந்தியாவைச் சேர்க்க முடியுமா?"

சாம்பாரில் உப்புக் கேட்கிற மாதிரி கேட்டார். சேர்த்தேன். 'ர' வரும் இடமெல்லாம் நாக்கைச் சுழற்றினேன். வாக்கிய முடிவுகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டினேன். எங்கள் தெருவில் எவரும் எந்தக் காலத்திலும் அப்படிப் பேசியதில்லை. "இதுதான் அசல்!" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் விதைத் தோலைத் துப்புவது போலக் குனிந்து சிரித்தாள்.

இடைவேளையில் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். "நான் சென்னையில் வளர்ந்தவன். காடு தெரியாது. தண்ணீர் லாரி தெரியும். லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். ஒரு தடவை எங்கள் மாடி வீட்டு மாமா துண்டோடு, முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடி வந்து, கண் தெரியாமல் அடுத்தவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், பெரிய சண்டை ஆகிவிட்டது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதைச் சொல்லட்டுமா?"

அவர் முகம் சோகமானது. "தண்ணீர்ப் பஞ்சமா? குழந்தைகள் பாவம். பாரம்பரியமாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

"இதுதான் சார் எங்க பாரம்பரியம்" என்று தமிழில் சொன்னேன். அது பாராட்டு என்று நினைத்துக் கை கூப்பினார்.

பிறகு தமிழ்ப் பதிப்புக்கு அதே கதையை நானே மொழிபெயர்த்துப் படித்தேன். யானை தமிழிலும் காரணம் இல்லாமல்தான் அழுதது.

அட்டைப் படத்துக்குப் புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். தயாரிப்பாளர் என்னை இடமிருந்தும் வலமிருந்தும் பார்த்தார்.

"தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் குரலுக்கும் உங்களுக்கும் பொருத்தம் இல்லை. நீங்கள் பிரின்டர் ரிப்பேர் செய்ய வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள்."

அவருக்கு வேண்டிய முகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ரோஷத்தில், நகரத்தார் கட்டிய கோயில் ஒன்றுக்கு அழைத்துப்போனேன். அங்கே வழக்கமாக வரும் ஒரு பெரியவர் தூணோரம் உட்கார்ந்திருந்தார். அவரை நான் 'சூ' என்றுதான் கூப்பிடுவேன். இந்த ஊரில் சித்தப்பா முறைக்கு அதுதான் சொல். அப்பா தமிழர், அம்மா வியட்நாமியர். பிறந்து வளர்ந்தது துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய் பேட்டை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். நல்ல கறுப்பு, பெரிய வெள்ளை மீசை, நெற்றி நிறைய விபூதி. அவருக்குத் தெரிந்த தமிழ் சாமி, வணக்கம், தம்பி, சாம்பார். அவ்வளவுதான். நான் அவரிடம் சந்தை வியட்நாமியத்தில் பேசுவேன். அவர் துறைமுக ஆங்கிலத்தில் பதில் சொல்வார்.

தயாரிப்பாளர் அவரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினார். "இவர்தான்! இவர்தான் உங்கள் குரல்!"

"இவருக்குத் தமிழ் தெரியாது."

"முகத்துக்கு எதற்கு மொழி?"

சூவிடம் விஷயத்தைச் சொன்னேன். "உன் குரல், என் மூஞ்சி. ரெண்டும் சேர்ந்தா ஒரு முழு ஆள் வருமா தம்பி?" என்று சிரித்து ஒப்புக்கொண்டார். சட்டையைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் முடியாது என்றார். சளி பிடித்துவிடுமாம்.

வெளியீட்டு விழா பூ மி ஹங்கில் ஒரு மாலின் கீழ்த்தளத்தில் நடந்தது. தரையில் பாய் போட்டு வெள்ளைக்காரக் குழந்தைகள், கொரியக் குழந்தைகள், எங்கள் குழந்தைகள். பின்னால் அம்மாக்கள் குளிர்ந்த காப்பியோடு. அவர்களுக்கும் பின்னால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வியட்நாமியப் பெண்கள். மேடையில் பிளாஸ்டிக் ஆலமரம். அதன் கீழ் வேட்டி கட்டி சூ. திட்டம் இதுதான்: என் தமிழ்ப் பதிவை ஓடவிடுவார்கள், சூ வாயசைப்பார். நான் ஐஸ்கிரீம் கடை ஓரமாக, யார் கண்ணிலும் படாமல் நிற்க வேண்டும்.

என் குரல் முதல் இரண்டு வாக்கியம் கம்பீரமாக வந்தது. சூவின் வாய் அதைத் துரத்திக்கொண்டே ஓடியது. யானை அழுவதற்குச் சற்று முன் ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஒலிப்பதிவுப் பெண் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினாள். உயிர் வரவில்லை. குழந்தைகள் நெளிய ஆரம்பித்தார்கள். தயாரிப்பாளர் மேடையைப் பார்த்து, தொடருங்கள், தொடருங்கள் என்று கையைச் சுழற்றினார்.

சூ ஒரு கணம் என்னைத் தேடினார். நான் ஐஸ்கிரீம் கடைப் பலகைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வியட்நாமியத்தில் பேச ஆரம்பித்தார்.

எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகு, அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்துக் கதை. அவர் அம்மா குளியலறையில் யாருக்கும் சொல்லாமல் ஒரு பன்றி வளர்த்தாள். வீட்டில் எல்லோரும் அதற்குப் பக்கத்தில்தான் குளிக்க வேண்டும். ஒரு நாள் வார்டு அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார். அம்மா பன்றிக்கு அரிசிச் சாராயத்தைப் புகட்டி, கட்டிலில் படுக்க வைத்து, கழுத்துவரை போர்வையைப் போர்த்தித் தலையில் துணியைச் சுற்றிவிட்டாள். "என் அக்கா. காய்ச்சல்." அதிகாரி பக்கத்தில் போய்ப் பார்த்தார். பன்றி குறட்டை விட்டது. "உடம்பு ரொம்ப அலுத்துப் போயிருக்கு" என்றார் அதிகாரி. பிறகு கிளம்பும்போது திரும்பி நின்று, "உங்க அக்காவுக்கு நல்ல சதைப்பிடிப்பு. இந்தக் காலத்தில் எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டாராம்.

சூ பன்றியாகக் குறட்டை விட்டார். பன்றியாக வீறிட்டார். இல்லாத போர்வைக்குள் உருண்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை என் பக்கத்தில் வந்து நின்ற ஒலிப்பதிவுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். வியட்நாமியப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஒருத்தி "ச்சோய் ஓய், ச்சோய் ஓய்" என்று கடவுளைக் கூப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர்களிடம் வளர்ந்த குழந்தைகளுக்கு அவர்கள் பாஷை நன்றாகவே தெரியும். அதுகளும் உருண்டன. மொழி புரியாமல் நின்றவர்கள் அம்மாக்கள் மட்டும்தான்.

தயாரிப்பாளர் நெகிழ்ந்துபோயிருந்தார். "பார்த்தீர்களா?" என்று வெள்ளைக்கார அம்மாக்களிடம் சொன்னார். "தமிழ் எப்படிப்பட்ட இசை! அந்த யானையின் பிளிறலைக் கேட்டீர்களா? மொழியே தேவையில்லை. ஆயாக்களுக்குக்கூடப் புரிகிறது!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

விழா முடிந்ததும் அவர் என்னைத் தேடி வந்தார். "அவர் இன்று சொன்னதை அப்படியே பதிவு செய்ய வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு ஆழமான தமிழ்!"

"அது வியட்நாமியம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒலிப்பதிவுப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"யானை?"

"பன்றி."

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்படியானால் வியட்நாம் புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாமே! அதற்கு இன்னும் கதை கிடைக்கவில்லை." பிறகு மேடைப் பக்கம் பார்த்தார். சூ ஆலமரத்தடியில் நின்று குழந்தைகளுக்குக் குறட்டை விடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். "ஆனால்… அவர் வியட்நாமியர் மாதிரி இல்லையே. கேட்கிறவர்கள் குழம்புவார்கள்."

"ஒலிப்புத்தகம்தானே?" என்றாள் அந்தப் பெண்.

"அட்டை இருக்கிறதே."

சில வாரம் கழித்து வியட்நாம் புத்தகத்தின் அட்டைக்கு அவளையே கூம்புத் தொப்பி மாட்டி, வாடகை எருமை ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அதற்கு முன் அந்தத் தொப்பியைத் தலையில் வைத்ததே இல்லை என்று என்னிடம் சொன்னாள். எருமைக்கும் அவளைப் பிடிக்கவில்லையாம்.

வியட்நாம் அட்டைக்கு அவர் முகம் ஆகாது என்பதைச் சூவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கான் ஹொய்யில் அவர் வீட்டு வாசலில், நடைபாதை ஸ்டூலில் உட்கார வைத்து ஐஸ் போட்ட காப்பி வாங்கிக் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கிளாஸைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஸ்கூல்ல என்னை இந்தியாக்காரன்னு துரத்துவாங்க" என்றார். "எழுபத்தஞ்சுக்கப்புறம் அப்பாவோட சொந்தக்காரங்க பிளேன் ஏறினப்போ, நீ வியட்நாம்காரன், இங்கேயே இருன்னு விட்டுட்டுப் போனாங்க. இப்ப இந்த ஆளுக்கு நான் யாரு?"

"உலகக் கலாசாரம்" என்றேன்.

கொஞ்ச நேரம் சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. தெருவில் போன பைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் குரல் முதல் தடவையாக உபயோகப்படாமல் போன இடம் அது.

"அது சரி, உன் கதையில யானை ஏன் அழுதது?" என்று அவரே கேட்டார்.

"தெரியாது சூ."

"படிச்சவன் நீ. எழுதினவனக் கேட்டிருக்கலாமே?"

ஒலிப்புத்தகம் வெளிவந்தது. அட்டையில் சூ. உள்ளே நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் ஏழு வயது மகளைப் பெருமையாகப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஆறு பெருக்கெடுப்பதற்குள் எழுந்து போய்விட்டாள்.

"அப்பா, அந்தத் தாத்தா மால்ல சொன்ன பன்னிக் கதை வேணும்."

மைக் இல்லாமல், 'ர'வைச் சுழற்றாமல், எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அதிகாரி வந்தபோது சோபாவில் போர்வையை இழுத்துக்கொண்டு அவளே பன்றியாகப் படுத்தாள். அவளுடைய குறட்டை என்னுடையதைவிட நன்றாக இருந்ததாக உள்ளேயிருந்து மனைவி சொன்னாள்.

"அப்புறம் அந்தப் பன்னிய என்னப்பா பண்ணாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை கேட்டுவிடலாம் என்று சூவுக்குப் போன் போட்டேன்.

"தெத்துக்கு வெட்டிட்டோம்" என்றார். தெத் என்பது இங்கே புத்தாண்டு. "அந்த அதிகாரிக்கும் ஒரு கால் குடுத்தோம். வாங்கிட்டு, அக்கா எப்படி இருக்காங்கன்னு கேட்டான்."

மகளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மஞ்சள் தூளோடு ஒரு முனிவரைக் கொண்டுவந்து பன்றியைக் காப்பாற்றிவிடலாம். அந்த வித்தையை நான் சம்பளம் வாங்கிக் கற்றிருந்தேன். ஆனால் உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

அவள் போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கறி நல்லா இருந்துச்சாமா?" என்று கேட்டாள்.