ஓடுகிற படத்தைப் பிடித்தவர்

உலகத்துப் பொறியாளர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, தொலைக்காட்சி விநாடிக்கு இத்தனை முறைதான் படம் வரைய வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்காது. நல்லவேளையாக அவர்கள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கா அறுபது என்றது. நாம் ஐம்பது என்றோம். வண்ணத்தைக் கலப்பதிலும் ஒலியை அனுப்புவதிலும்கூட ஆளுக்கொரு முறை. வாங்குவதற்கு முன்பே பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்து இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒழுங்கு. வேலையில் இருந்த காலம் முழுவதும் இப்படிப்பட்ட ஒழுங்குகளைத்தான் மற்றவர்களுக்கு ஓதிக்கொண்டிருந்தேன். ஆனால் என் சித்தப்பா அதைப் படிக்காமல் வாங்கியதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

சித்தப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. எண்பதுகளின் முதற்பாதியில், நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, நீண்ட பயணம் முடிந்து செக்காலையில் இருந்த எங்கள் கூட்டுக் குடும்பத்து வீட்டுக்கு விடுப்பில் வந்தார். அவர் மகளுக்கு ஐந்து வயது இருக்கும். விவரம் தெரிந்த பிறகு அவள் அவரைப் பார்ப்பது அதுவே முதல் முறை.

"இங்குட்டு வாத்தா. நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று கையை நீட்டினார்.

அவள் சித்தியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். உள்ளேயிருந்து பதில் வந்தது. "போட்டோல இருக்கிற மாமா."

எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அவளை வசப்படுத்த அவர் கொண்டுவந்திருந்த ஒரே ஆயுதம் ஒரு வீடியோ கேம். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கியது. கேசட்டைச் செருகினால் ஒரு குருவி பறந்து பறந்து பழம் பொறுக்கும். கடல் தாண்டி வந்த எந்தச் சாமானும் எங்கள் ஊரில் அடம்பிடித்ததில்லை. பர்மாத் தேக்கு மறுபேச்சில்லாமல் கதவாக நின்றது. சிங்கப்பூர் டேப் ரிக்கார்டர் வந்த அன்றே பாடியது. வெளிநாடு என்பது ஒரே நாடு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அமெரிக்க மின்சாரம் வேறு என்று தெரிந்து அதற்கொரு டிரான்ஸ்பார்மரும் மறக்காமல் கொண்டுவந்த சித்தப்பாவுக்கு, படமும் வேறாக இருக்கும் என்று தோன்றவில்லை.

வானிலை மனம் வைத்தால் இலங்கை ஒளிபரப்பைக் காட்டும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் கேமை இணைத்ததும் படம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. திரை முழுவதும் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. சத்தத்துக்குப் பதிலாக வெறும் இரைச்சல்.

"கப்பலுக்கே கரண்ட் குடுக்குறவன், ஒரு குருவியப் புடிச்சு நிறுத்த முடியலையேடா" என்றார் அப்பா.

"ஊரே சிங்கப்பூருலதான் வாங்குது. நீங்க மட்டும் உலகத்தச் சுத்திப் போயி வாங்கிட்டு வந்திருக்கீக" என்றார் சித்தி.

மகள் எட்டிப் பார்த்தாள். பார்க்க ஒன்றுமில்லை என்று கண்டதும் உள்ளே போய்விட்டாள். சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. சில வாரங்களில் அவர் மறுபடி கப்பலேற வேண்டும்.

மறுநாள் அவர் தொலைக்காட்சியின் பின்பக்கத்தை ஆராய்ந்து, படத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னத் திருகு ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் ஐம்பதுக்காகச் செய்த திருகு அது. கடைசி எல்லைவரை திருப்பி அப்படியே அழுத்திப் பிடித்திருந்தால் குருவி நின்றது. கையை எடுத்தால் ஓடியது. ஆகவே சித்தப்பா தொலைக்காட்சியை முன்னால் நகர்த்திவிட்டு, அதற்கும் சுவருக்கும் இடையே தூசியில் உட்கார்ந்து திருகைப் பிடித்துக்கொண்டார். முன்னால் நானும் அண்ணனும் விளையாடினோம். சத்தத்தை அண்ணன் வாயாலேயே கொடுத்தான்.

பின்னால் இருப்பவருக்குப் படம் தெரியாது. எங்களைக் கேட்டால், ஆட்ட மும்முரத்தில் நான் ஒன்று சொல்வேன், அண்ணன் வேறொன்று சொல்வான். பொறுக்க முடியாமல் சித்தப்பா மகளான தங்கைதான் தொலைக்காட்சியின் ஓரத்தில் வந்து நின்றாள். "மாமா, ஓடுது. மாமா, நின்னுருச்சு." இப்படித் தொடங்கியவள், கால் வலிக்கிறது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மடியில் உட்கார்ந்து, அங்கிருந்தே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துச் சொன்னாள். முன்னால் இவ்வளவு நல்ல விளையாட்டு இருக்க, இந்தப் பெண் தூசியில் போய் உட்கார்கிறதே என்று அவளுக்காக நான் வருந்தினேன்.

இதற்கிடையில் ஆன்டெனாவைச் சரிசெய்ய வந்த ரேடியோ கடைக்காரர் சித்தப்பா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏண்ணே இந்தக் கஷ்டம்? உள்ள ஒரு ரெசிஸ்டர மாத்திவிட்டா படம் தன்னால நிக்கும்."

"அப்பறம் இலங்கை வராதுல்ல?"

"அதுவும் வரும்ணே. திருகக் கொஞ்சம் திருப்பிக்கிட்டாப் போதும்."

"வேணாம்ப்பா. இப்படியே கெடக்கட்டும்."

எங்களுக்கு ஆத்திரமாக வந்தது. அதிலும் அண்ணன், "எலக்ட்ரீஷியனாம்!" என்று என் காதில் முணுமுணுத்தான்.

விடுப்பு முடியும் தறுவாயில் ஒரு சாயங்காலம், குருவியை அதுவரை எட்டாத மரத்துக்குக் கொண்டுபோயிருந்தோம். பழங்கள் குலை குலையாகத் தொங்கின. தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது.

"அப்பா, ஓடுது."

படம் லேசாக அசைந்தது. வழக்கமாக அடுத்த நொடியே நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. குருவி, மரம், பழம் எல்லாம் சேர்ந்து மேலே ஓடத் தொடங்கின.

"சித்தப்பா, கைய எடுத்துட்டீகளா? புடிங்க சித்தப்பா!" என்று கத்தினோம்.

எழுந்து போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவள் தலைமேல் முகத்தை வைத்திருந்தார். இத்தனை நாள் திருகைப் பிடித்ததில் கை மரத்துப்போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு, சரியாகட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன்.